படிவம் இலக்கம் ஏழு

அரியாலை மைதானத்தைத் தாண்டி
மூன்று பத்துக்குக் கொழும்பு ரயில்
நீளமாய் ஊதிக்கொண்டு போனது.
அந்த ஊதலுக்குள்தான்
டிலக்சனின் பந்து துடுப்பின் விளிம்பைத் தொட்டதாம்.
காப்பாளன் பிடித்தான்.
பதினொரு வாய்கள் ஒன்றாய்த் திறந்தன.
எனக்குக் கேட்டது ரயில்.

இல்லையென்று தலையாட்டினேன்.
ஓவரை எண்ண ஆறு இரண்டு ரூபாய்க் குற்றிகள்
என்னிடம் எப்போதும் இருக்கும்,
இடது பைக்குள்ளிருந்து வலது பைக்கு.
நாலாவதை மாற்றிக்கொண்டிருக்கையில்
என் இடுப்பில் செருகியிருந்த தன் தொப்பியை
இழுத்தெடுத்து மட்டிங்கில் எறிந்தான்.
‘அண்ணை, காதை ஆருக்கு வாடகைக்கு விட்டனீங்கள்?’

எல்லைக் கோட்டில் யாரோ சிரித்தார்கள்.
அது வடிவாய்க் கேட்டது.

ஒழுக்காற்றுக் குழுவின் படிவம் ஏழு.
மூன்று பிரதி, நீல மையில்.
‘தீர்ப்புக்கு எதிர்ப்புக் காட்டல்’, ஒரு பெட்டி.
‘தகாத சொற்பிரயோகம்’, ஒரு பெட்டி.
‘உபகரணங்களை அவமதித்தல்’.
தொப்பி அவனுடையது,
இருந்தும் பெட்டி இருக்கிறது.
நடுவர் பிழை விட்டிருக்கலாமா
என்று கேட்கும் பெட்டியைத் தேடினேன்.
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.
பின்பக்கம் அச்சகத்தின் பெயரும்
தொலைபேசி இலக்கமும்.

அன்றிரவு கச்சேரியடித் தேத்தண்ணிக் கடையில்
தொலைக்காட்சிக்குக் கீழே நிற்க இடமில்லை.
பணக்கார வாரியத்தின் செல்லப்பிள்ளை ஒருவன்
ஸ்டம்பை உதைத்துவிட்டு நடக்கிறான்.
வெற்றி வேட்கை என்கிறது வர்ணனை.
சம்பளத்தில் கால்வாசி அபராதம்,
ஒரு சவர்க்கார விளம்பரத்தில் திரும்பி வந்துவிடும்.
போன கிழமை அதே தொடரில்
சின்ன நாட்டுக்காரன் ஒருவன்
நடுவரை நோக்கி விரலை நீட்டினான்.
அவனுக்கு மூன்று ஆட்டம் தடை.
‘காசுள்ளவன் செய்தால் கோபம்,
இல்லாதவன் செய்தால் ஒழுங்கீனம்’
என்றான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே மரியசீலன்.
மேசையில் அடித்து ஓமென்று கத்தியவன் நான்.
கோப்பை சரிந்து
சட்டைப் பைக்குள் மடித்திருந்த படிவத்தில்
ஒரு மூலை நனைந்தது.

ஆட்ட மத்தியஸ்தரை அவ்விடத்திலேயே
பதவி நீக்கினோம், ஏகமனதாக.

மறுநாள் என் போன் சார்ஜ் ஏறவில்லை.
ஸ்ரான்லி வீதிக் கடையின்
கண்ணாடி மேசைக்கு அப்பால் டிலக்சன்.
ஊசி போன்ற ஒன்றால் துளையைத் தோண்டி
பஞ்சுத் தூசியை எடுத்து ஊதினான்.
‘முன்னூறு.’
பலகையில் எழுதியிருந்ததும் முன்னூறுதான்.
கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி
ஒரு சொல் கதைக்கவும் இல்லை.

பக்கத்துக் கதிரையில் இருந்த பெடியன்தான்
பொறுக்காமல் வீடியோவைப் போட்டான்.
வேகத்தைக் குறைத்து, பெரிதாக்கி, மறுபடியும்.
மூன்றாம் முறை பார்த்தேன்:
துடுப்பருகே பந்து
ஒரு நூலளவு திசை மாறுகிறது.
ஒலி என்று பார்த்தால்
அதிலும் ரயில் மட்டும்தான்.
‘டேய், நிப்பாட்டு’ என்றான் டிலக்சன்,
எனக்காகவா தனக்காகவா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படிவத்தை விரித்தேன்.
எதிர்ப்புக் காட்டினான், ஓம்.
தகாத சொல், ஓம். வாடகை என்று எழுதினேன்.
எறிந்தது எறிந்ததுதான்.
பிறகு தேத்தண்ணிக் கறை காய்ந்திருந்த ஓரத்தில்,
பெட்டிகளைத் தாண்டி,
பேனையைச் சரித்துப் பிடித்து எழுதினேன்:
‘பந்து பட்டது. எனக்குக் கேட்கவில்லை.
என் தீர்ப்புப் பிழை.
அவன் கோபம் மட்டும் பிழையில்லை.’
கடைசி வரியை வெட்டினேன்.
பிறகு வெட்டியதன் மேலேயே திரும்ப எழுதினேன்.

பத்து நாளில் பிரதி வந்தது.
சிவப்பு மையில் ஒரு குறிப்பு:
பெட்டிகளுக்கு வெளியே எழுதப்பட்டவை
கவனத்தில் எடுக்கப்படமாட்டா.
அதற்குக் கீழே: இரண்டு ஆட்டம்.

இன்னொரு கடிதமும் கூடவே இருந்தது.
அடுத்த ஞாயிறு எனக்குச் சுன்னாகத்தில் கடமை.
அங்கே மைதானத்துக்கும் தண்டவாளத்துக்கும்
எவ்வளவு தூரம் என்று
ஆரையாவது கேட்க வேண்டும்.